ஓல்ட் ஸ்ட்ரீட்டுக்குப் போனால் வாழ்க்கை செட்டா?

2010 நவம்பரில் டேவிட் கேமரன் கிழக்கு லண்டனை 'டெக் சிட்டி' ஆக்கப்போவதாகச் சொன்னபோது நான் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிச்சுக்கொண்டிருந்தன். ஓல்ட் ஸ்ட்ரீட்டில வேலை எடுத்தா வாழ்க்கை செட் எண்டு நினைச்சன்.

எடுத்தன், ஆறு ஆறு மாதக் கொன்ட்ராக்டா. 2021 ஏப்ரலில ஐஆர்35 விதி மாறின பிறகு எனக்கு ஊழியரைப் போல வரி வெட்டுப்படுது. வேலை தாற கொம்பனி லீவுக் காசு தராது. கூட வேலை செய்யிற ஆக்களோட பழக முதலே கொன்ட்ராக்ட் முடிஞ்சிடும். அங்க ஒரு அறை எடுக்கிற காசில சவுத்தாலில குடும்பமே இருக்கலாம்.

2022 நவம்பரில இருந்து எலிசபெத் லைன் சவுத்தாலில இருந்து லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கு நேரா போகுது. அதனால தம்பி தங்கச்சிமாரே, வேலைக்குப் போங்கோ, குடியிருக்கப் போகாதேங்கோ. திரும்பி வரேக்க ஸ்டேஷன் பலகையில குர்முகி எழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனா கண்டாத்தான் மூச்சு வருது.