வாக்கி டாக்கிக்கும் முத்திரை வேண்டும்



காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது நாடறிந்த செய்தி. அந்த வளைவுகளிலும், மலைமேல் பள்ளத்தில் இருக்கும் ஊர்களிலும் செல்போன் சிக்னல் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்பது, இங்கே மிளகும் பலாவும் வாழைத்தாரும் எடுக்கிற நமக்குத் தெரிந்த செய்தி. தோட்டத்தில் வெட்டுகிறவர் ஒரு பக்கம், ரோட்டில் காத்து நிற்கும் லாரி ஒரு பக்கம். இடையில் ஆள் ஓடித்தான் தகவல் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதனால் வாக்கி டாக்கி வாங்கலாமா என்று வணிகர்கள் கேட்கிறார்கள். விற்கலாமா என்று கேட்கும் கடைக்காரர்களும் உண்டு. வாங்கலாம், விற்கலாம், ஆனால் எல்லாப் பெட்டியையும் அல்ல என்பதே நம் பதில். எது ஆகும், எது ஆகாது என்று பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் தெரிவதில்லை என்பதே நம் குறை.

சட்டம் என்ன சொல்கிறது? 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இல்லாமல் இத்தகைய கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. பேசினால்தான் குற்றம் என்பதில்லை. 2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய தொலைத்தொடர்புச் சட்டமும், ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி வேண்டும், அல்லது அரசு விலக்கு அளித்திருக்க வேண்டும் என்றே கூறுகிறது. கிடங்கில் 20 பெட்டி அடுக்கி வைத்திருக்கும் வணிகர் இதை மறந்துவிடக் கூடாது.

விலக்கும் இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் குறைந்த சக்தியில் இயங்கும் செட்டுகளுக்குத் தனி உரிமம் தேவையில்லை. ஆனால் அந்த மாடல், இறக்குமதிக்கும் விற்பனைக்கும் முன்பே மத்திய தொலைத்தொடர்புத் துறையின் இ.டி.ஏ. என்னும் தர ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும். ஒரு காலத்தில் பாட்டு கேட்கும் ரேடியோவுக்கே தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டியவர்கள் நாம். அதோடு ஒப்பிட்டால் இது தாராளமான விதிதான்.

சிக்கல் எங்கே வருகிறது? இதே உருவத்தில், இதே விலையில் வேறு வகை செட்டுகளும் வருகின்றன. 136 முதல் 174 வரை, 400 முதல் 520 வரை என்று எந்த அலைவரிசைக்கும் திருப்பிக்கொள்ளலாம். சக்தி 5 வாட். போலீசாரும் மீட்புப் படையினரும் பேசும் அலைவரிசையில் அது குறுக்கிட்டால் விளைவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. அதை 446-இல் வைத்துத்தான் பேசுகிறோம் என்பதும் சமாதானம் ஆகாது. விலக்கு அந்தச் செட்டுக்கு இல்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் இணைய வணிக நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே மாதம் வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. எந்த அலைவரிசை, உரிமம் தேவையா, ஒப்புதல் உண்டா என்பதை விற்பனைப் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல காரியம். ஆனால் இணையத்தில் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் அந்த விவரம், நம் கடைப் பெட்டியின் மேல் ஏன் இருக்கக் கூடாது?

நம் எடைக்கல்லில் ஆய்வாளரின் முத்திரை இருக்கிறது. உணவுப் பொட்டலத்தில் 14 இலக்க உரிம எண் இருக்கிறது. அதைப் பார்த்து வாங்குகிறோம், பார்த்து விற்கிறோம். அதுபோல, அலைவரிசை, சக்தி, இ.டி.ஏ. எண், "உரிமம் தேவை" அல்லது "உரிமம் தேவையில்லை" என்ற ஒரு வரி ஆகியவற்றைப் பெட்டியிலும் செட்டிலும் தமிழிலும் அச்சிட வேண்டும். அந்தப் பொறுப்பு இறக்குமதியாளரையும் தயாரிப்பாளரையும் சார வேண்டும். மெகாஹெர்ட்ஸ் கணக்கு தெரியாத சில்லறைக் கடைக்காரர் கடைசியில் மாட்டிக்கொள்வது நியாயமல்ல. சங்கம் இதை மத்திய அரசுக்கு மனுவாகக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் குறைந்த சக்தி செட்டுகளுக்கு 1996 முதலே உரிமம் வேண்டாம். அதிக சக்தி செட்டு வேண்டுவோர் 35 டாலர் கட்டினால் 10 ஆண்டுக்கு உரிமம். குடும்பம் முழுவதும் பேசலாம். நம் நாட்டிலும் மலைப்பகுதி வணிகர்களுக்கு அப்படி ஓர் எளிய உரிமம் இருந்தால் நல்லது. ஏனெனில், உரிமம் தேவைப்படாத சிறு செட்டு தோட்டத்திலிருந்து ரோட்டுக்கும், கிடங்கிலிருந்து வாசலுக்கும் உதவும். செம்மேட்டிலிருந்து காரவள்ளிக்குப் பேச உதவாது. குறுக்கே மலை நின்றால் அலை நின்றுவிடும். "10 கிலோமீட்டர் எட்டும்" என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

மனு பலிக்கும் வரை நாமே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வோம். பில் இல்லாத செட்டு வேண்டாம். பில்லில் மாடலும் இ.டி.ஏ. எண்ணும் எழுதித் தராத மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்க வேண்டாம். மொத்த வியாபாரம் செய்யும் எங்களைப் போன்றவர்களிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.