சிராமிக் கோட்டிங்குக்குக் கடைக்குப் போகத்தான் வேண்டுமா?

புதுக் கார் எடுக்கும்போதே சிராமிக் கோட்டிங் பேச்சும் வந்துவிடுகிறது. 9ஹெச் கடினம், கீறலே விழாது என்கிறார்கள். அந்த 9ஹெச் பென்சிலின் கடினத்தைக் குறிக்கும் எண். வைரத்துக்கு 10 கொடுக்கும் மோஸ் அளவுகோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெயின்ட்டின் மேலுள்ள கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான் தடிமன் இருக்கும். அதன்மேல் போடும் கோட்டிங் ஓரிரு மைக்ரான்தான். லாரிச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல்லையோ சாவிக் கீறலையோ அது தடுக்காது. அழுக்கு சீக்கிரம் ஒட்டாது, தண்ணீர் வழிந்தோடும், பறவை எச்சத்தைத் துடைக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். நல்ல பயன்தான். ஆனால் இதற்காகப் பல ஆயிரங்களைக் கடையில் கொடுக்க வேண்டியதில்லை, பொறுமை உள்ளவர் வீட்டிலேயே போடலாம் என்பது என் கருத்து.

ஒரு காருக்கு 30 முதல் 50 மில்லி மருந்து போதும். கடைக்காரர் வாங்கும் கூலியில் பெரும்பகுதி அதைப் பூசுவதற்கு முந்தைய வேலைக்குத்தான். கழுவிக் காய்ந்த பானட்டை, கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். பிரேக் தூளும் தார்ப் புள்ளிகளும் கிளே பார் என்னும் களிமண் போன்ற கட்டியால் போகும்வரை தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலவையால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்த பிறகுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும். பிறகு இரண்டடிக்கு இரண்டடி இடமாக மெல்லப் பூசி, வானவில் நிறம் மினுங்கத் தொடங்கியதும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துத் திட்டு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் நுட்பம்.

திட்டு இறுகிவிட்டால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும் என்பது உண்மையான அச்சம். நிழலில், தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது, கண்ணில் படாத கீழ்ப்பகுதியில் தொடங்கினால் அது பெருமளவு குறையும். நம் ஊர் வெயிலிலும் மழைக்கால ஈரத்திலும் மருந்து இறுகும் வேகம் மாறும் என்பதால் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. நெடி அடிக்கும், எனவே கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். பழைய காரில் வட்ட வட்டமாகக் கீறல் இருந்தால் மெஷின் பாலிஷை மட்டும் கைதேர்ந்தவரிடம் கொடுப்பதே சரி. அதில் கிளியர் கோட்டே தேயும், கற்றுக்கொள்ளும் இடம் அதுவல்ல. கடையில் வாரண்டி தருகிறார்களே என்பார்கள். அந்த அட்டையில் பராமரிப்புக்கு வரவேண்டிய தவணைகளையும், எதற்கெல்லாம் வாரண்டி செல்லாது என்பதையும் முதலில் படியுங்கள்.

யார் போட்டாலும் போர் தண்ணீரிடம் தப்ப முடியாது. கோட்டிங்மேல் முத்து முத்தாக நிற்கும் உப்புத்தண்ணீர் வெயிலில் காய்ந்தால் ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளை வளையம். கழுவிய உடனே துடைக்க வேண்டும். அதைவிடக் கொடுமை, அபார்ட்மெண்ட் வாசல்களில் காலைதோறும் ஒரே வாளி, ஒரே துணியால் பத்து வண்டிகளைத் துடைப்பது. துணியில் சிக்கிய மணல்தான் கீறுகிறது. எந்தக் கோட்டிங்கும் அதைத் தாங்காது. கோட்டிங் பாட்டில் வாங்கும் முன் இரண்டு வாளியும், வாஷ் மிட் என்னும் கழுவும் கையுறை ஒன்றும் வாங்குங்கள்.