ஆறு லட்சம் மடங்கு

தவக்காலம் மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை. காலைப் பூசையில் மத்தேயு 18-ஆம் அதிகாரம் வாசித்தார்கள். தெரிந்த கதைதான். ராஜாவிடம் பத்தாயிரம் தாலந்து கடன்பட்டவன் காலில் விழுகிறான், மொத்தமும் தள்ளுபடி. வெளியே வந்ததும், தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய சக ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான்.

கணக்குப் பிரிவில் இருப்பவனுக்குப் புத்தி எங்கே போகும்? அங்கேயே கூட்டிப் பெருக்கினேன். ஒரு தெனாரியம், ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து, சுமார் 6,000 தெனாரியம். ஆக, முதல் கடன் 6 கோடி நாள் கூலி. லீவே போடாமல் உழைத்தாலும் 1,64,000 வருஷம் ஆகும்! இரண்டாவது கடனைப்போல ஆறு லட்சம் மடங்கு.

ஆனால் அந்த நூறு தெனாரியமும் மூணு மாசச் சம்பளம் சார். சில்லறை இல்லை. 'நியாயமா எனக்கு வரவேண்டிய பணம்தானே' என்று அவன் சொல்லியிருப்பான்.

முந்தின நாள் நானும் அதைத்தான் சொன்னேன். பக்கத்து சீட்டுக்காரன் இரண்டாயிரம் வாங்கி நாலு மாசம். கேன்டீனில் எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டேன். அவன் முகம் செத்துப்போச்சு. என் காலேஜ் ஃபீஸ் முழுக்கக் கட்டிய அண்ணன், இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆபீஸில் என்னைப் பார்த்ததும் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

"டீ சாப்பிட வர்றியா?"

"ஒண்ணாந்தேதி கொடுத்துடறேன்பா..."

"நான் டீக்குத்தான்யா கூப்பிட்டேன். நேத்து பேசினது தப்பு."

கொஞ்ச நேரம் பார்த்தான். எழுந்து வந்தான்.

டீக்குக் காசா? என்னை விடவில்லை, அவனே கொடுத்தான்!