செலவுப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும் சாதி

ஒரு பல்கலைக்கழகத் துறையிலிருந்து எங்களை அழைத்தார்கள். மலக்குழியில் இறக்கிவிடப்பட்டு மாண்டவர்களின் குடும்பங்களைப் பற்றி ஓர் ஆய்வுத் திட்டம். நிதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். "களம் உங்களுக்குத்தானே தெரியும், கொஞ்சம் உதவுங்கள்" என்றார்கள். மூன்று நாள் போய் உட்கார்ந்தோம். எந்தத் தெருவில் எத்தனை குடும்பம், யாருக்கு இழப்பீடு வந்தது, யார் இன்னும் ஆட்சியர் அலுவலகப் படியேறி இறங்குகிறார்கள் என்று எல்லாவற்றையும் நாங்கள் சொன்னோம். அவர்கள் தட்டச்சு செய்துகொண்டார்கள்.

கடைசி நாள் செலவுப் பட்டியலைக் காட்டினார்கள். முதன்மை ஆய்வாளர் ஒரு பேராசிரியர். இணை ஆய்வாளர் பக்கத்து அறைப் பேராசிரியர். மடிக்கணினி, பயணம், கருத்தரங்கு, அறிக்கை அச்சிடுதல் என்று எல்லாவற்றுக்கும் தொகை இருந்தது. எங்களைத் தேடினோம். 'களப்பணியாளர், தற்காலிகம், ஆறு மாதம்' என்ற வரியில் கிடந்தோம்.

கணவனைப் பறிகொடுத்த பெண் அரைநாள் கூலியை இழந்து பதில் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. கேட்டோம். "பணம் கொடுத்தால் தரவு கெட்டுவிடும்" என்றார்கள். கருத்தரங்கில் பேசுகிறவருக்கு மதிப்பூதியம் கொடுத்தால் மட்டும் கருத்து கெடாதா?

எங்களை ஏன் இணை ஆய்வாளராகச் சேர்க்கக் கூடாது என்றும் கேட்டோம். நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும், அதுதான் விதி என்றார்கள். அந்த நிரந்தரப் பணியிடங்களில் எங்களுக்கு உரியவற்றை 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று எழுதிக் காலியாக வைப்பது யார்? சமூகவியல் வகுப்பில் 'பங்கேற்பு ஆய்வு' என்று எங்களுக்குப் பாடம் நடத்தியவர்களும் இவர்கள்தான்.

எங்களுக்கு ஆய்வு தெரியாதா? சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003இல் உச்ச நீதிமன்றம் போனது. அதன் தோழர்கள் ஊர் ஊராக அலைந்து உலர் கழிப்பிடங்களைப் படம் பிடித்து ஆதாரம் திரட்டினார்கள். 1993 முதல் மலக்குழியில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் தீர்ப்பு வந்தது. 2023இல் நீதிமன்றம் அதை 30 லட்சமாக்கியது. அந்த ஆய்வின் முதன்மை ஆய்வாளர் யார்? மலம் அள்ளிய குடும்பத்துப் பிள்ளைகள்.

அரசும் இதையேதான் செய்கிறது. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்கத் தரும் தேசிய உதவித்தொகையில், இந்தியச் சமூகம், வரலாறு, பண்பாடு பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு இடமில்லை என்று 2022இல் விதி போட்டார்கள். பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போன அம்பேத்கர், 1916இல் அங்கே சாதியின் தோற்றம் பற்றித்தான் கட்டுரை வாசித்தார். இந்த விதி அன்றிருந்தால் அதை எழுத அவருக்குக் காசு கிடைத்திருக்காது. சாதியை அனுபவிக்க நாங்கள் வேண்டும், ஆராய மட்டும் அவர்கள் வேண்டும்!

பேராசிரியர்களே, எங்கள் நிபந்தனைகளைச் சொல்லிவிடுகிறோம். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் எங்கள் பெயர் வேண்டும். பதில் சொல்பவருக்கு ஒரு நாள் கூலி வேண்டும். அறிக்கை தமிழில் வர வேண்டும், அச்சேறும் முன் அந்தத் தெருவிலேயே வாசிக்கப்பட வேண்டும். தவறு என்று மக்கள் சொன்னால் திருத்த வேண்டும்.

முடியாதென்றால் எங்கள் தெருவுக்கு வழி கேட்காதீர்கள். அந்த விண்ணப்பத்திலிருந்து நாங்கள் விலகிவிட்டோம். சொன்ன விவரங்களை அவர்கள் வைத்திருக்கிறார்கள். மக்கள் எங்களோடு இருக்கிறார்கள்.