முதல்ல நிக்கட்டும், அப்புறம் ஓடட்டும்

போன வாரம் ஆபீஸ் தம்பி ஒருத்தன், மதுரைக்காரப் பையன், ரொம்ப குஷியா வந்தான். "அண்ணே, அப்பாவோட பழைய புல்லட்டை ரயில்ல பார்சல் போட்டு புனேக்கு கொண்டு வந்துட்டேன். 350-ஐ 535 ஆக்கப் போறேன்."

"பிரேக்?" என்றேன்.

"அது நல்லாத்தான் பிடிக்குதுண்ணே. பிரேக்குக்கு யாராவது செலவு பண்ணுவாங்களா? வெளியே தெரியவா போகுது?"

இந்த பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. அதான் இந்தப் புலம்பல்.

கணக்கைப் பாருங்க. அந்தக் காலத்து புல்லட் 350-க்கு போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., மொத்தம் 346 சிசி. குதிரை சக்தி 18. அதுக்கு ஏத்த மாதிரி முன்னால ஒரு 6 இஞ்ச் டிரம். போரை 87 ஆக்கினா 535 சிசி வந்துடும், சரி. டிரம்மும் சேர்ந்து வளருமா?

வேகம் 80-லிருந்து 100 ஆனா கால் பங்குதானே கூடுதுன்னு நினைப்போம். ஆனா பிரேக் தாங்க வேண்டிய சக்தி வேகத்தோட வர்க்கத்துல ஏறும். அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல. அத்தனையும் சூடாத்தான் போகணும். டிரம்மோ மூடி வச்ச சட்டி. சூடேறினா விரியும், ஷூ வழுக்கும், லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துடும்.

இது புத்தகத்துல படிச்சது இல்லீங்க. 2006-ல நானும் இதே முட்டாள்தனத்தைப் பண்ணினவன். எக்ஸ்பிரஸ்வேல டூவீலர் விட மாட்டாங்க, அதனால பழைய மும்பை ரோட்டுல கண்டாலா இறக்கம். மூணாவது வளைவுல பிரேக் இல்லை. முன்னால லாரி. கியரைக் குறைச்சு, மண்ணுல இறக்கித்தான் நிறுத்தினேன். பின்னால உட்கார்ந்திருந்த மனைவியோட நகத்தடம் தோள்ல ரெண்டு நாள் இருந்தது. அந்த மாசமே கிளட்ச் நழுவ ஆரம்பிச்சது. அப்புறம் செயின் நீண்டு, ஸ்ப்ராக்கெட் பல் தேஞ்சு, மிச்சம் பிடிச்ச காசெல்லாம் வட்டியோட போச்சு.

"ஒரிஜினாலிட்டி போயிடும்"னு சிலர் சொல்வாங்க. எஞ்சினையே மாத்தினப்புறம் என்ன ஒரிஜினாலிட்டி? "மெதுவாத்தான் ஓட்டுவேன்"னு சிலர். அப்போ பவர் எதுக்கு ராசா?

வரிசை இதுதான். முதல்ல முன் பிரேக்: 7 இஞ்ச் ட்வின் லீடிங் ஷூ, இல்லைன்னா ஃபோர்க்கோட சேர்த்து டிஸ்க். கூடவே நல்ல டயர். அடுத்தது கிளட்ச், கியர்பாக்ஸ், செயின். எஞ்சின் கடைசி. அதுக்கும் முன்னால ஆர்.டி.ஓ.வுல கேளுங்க. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இஷ்டத்துக்கு வண்டியை மாத்த விடாது. ஆர்.சி.யில 346 இருக்க 535 ஓட்டி இடிச்சா, இன்ஷூரன்ஸ்காரன் சும்மா காசு தருவானா?

வெளியூர்ல பிள்ளையை விட்டுட்டு இருக்கிற அப்பா அம்மாக்களே, பையன் எஞ்சினுக்குப் பணம் கேட்டா உடனே அனுப்பாதீங்க. பிரேக் பில்லை முதல்ல காட்டச் சொல்லுங்க.

மதுரைத் தம்பிக்கும் இதேதான் சொன்னேன். மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போயிருக்கான். பரவாயில்லை, கோவிச்சுக்கவாவது ஆள் இருக்கட்டும்.