கப்பல்கார ஐயாவின் கேமராக்கள்



சில வாரங்களுக்கு முன் பெங்களூரிலிருந்து ஒரு மகன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நம் சபையின் மூத்த அங்கத்தினர் ஒருவருடைய மகன் அவர். "ஐயா, நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார்" என்று தொடங்கினார். தகப்பனாருக்கு எழுபத்தெட்டு வயது. தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தகப்பனாரைத் தம்மோடு அழைத்துக்கொள்ள மகன் விரும்புகிறார். ஆனால் அடுக்குமாடி வீட்டில் இடம் குறைவு. பெரியவரோ ஏழு பழைய கேமராக்களையும், அவற்றைச் சேர்ந்த இரண்டு தகரப் பெட்டிகளையும் விட்டு நகர மறுக்கிறார். செங்கம் சாலையில் தங்கியிருக்கும் வெளிநாட்டவர் ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். "பற்றை விட்டுவிடும்படி வேதத்திலிருந்து எடுத்துச் சொல்லுங்கள், ஐயா" என்பதே விண்ணப்பம்.

நான் உடனே ஒப்புக்கொண்டேன். அதற்கு ஏற்ற பகுதி எது என்று தேட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பூச்சியும் துருவும் கெடுக்கிற பூமியின் பொக்கிஷங்களைக் குறித்து மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் கூறியதை அறியாத போதகர் உண்டோ? மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் அடையாள நாடாவை வைத்துக்கொண்டே புறப்பட்டேன்.

அவரை நம் பிள்ளைகள் 'கப்பல் தாத்தா' என்றும், பெரியவர்கள் 'கப்பல்கார ஐயா' என்றும் அழைப்பது உங்களுக்குத் தெரியும். கடலிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்தில் இருக்கும் நம் ஊருக்கு அந்தப் பெயர் சற்று விநோதமானதுதான். அவர் நிலக்கரிக் கப்பல்களின் என்ஜின் அறையில் ஃபிட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எத்தனையோ ஆண்டுகளாக அவரை ஆலயத்தில் பார்த்திருக்கிறேன்; காணிக்கைப் பை ஏந்தும் அந்தக் கைகளைக் கவனித்திருக்கிறேன். அவர் என்ன வேலை செய்தார் என்று ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. இதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அன்று அவர் முதலில் காட்டியது ஓர் அக்ஃபா கிளிக் 3. ஐம்பது வயதைக் கடந்த உங்களில் பலருடைய வீட்டிலும் அது இருந்திருக்கும். வடோதராவில் தயாரான எளிய கேமரா. ஒரு சுருளில் பன்னிரண்டு படங்கள். பின்புறத்துச் சிவப்புச் சாளரத்தில் எண் தெரியும் வரை சுருளைத் திருப்ப வேண்டும். அடுத்து யாஷிகா மேட். மேலும் கீழுமாக இரண்டு லென்சுகள் கொண்ட இந்த வகையை நம் ஊர் ஸ்டூடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அதைக் கண்ணருகே உயர்த்திப் பிடிப்பதில்லை. நெஞ்சருகே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது காட்சி இடம் வலமாக மாறித் தெரியும். "ஐயா, இதில் படம் எடுக்கிறவன் எதிரில் நிற்கிறவனுக்குத் தலை குனிந்தே ஆக வேண்டும்" என்று சொல்லிச் சிரித்தார். மற்ற ஐந்தும் வெவ்வேறு துறைமுகக் கடைவீதிகளில் பழையதாக வாங்கியவை. ஒவ்வொன்றுக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம். லென்சில் பூஞ்சை பிடிக்காதிருக்க மாதம் ஒருமுறை சிறிது வெயில். பூச்சிக்கும் துருவுக்கும் எதிரான அந்த யுத்தத்தைப் பார்த்தபோது, என் கையிலிருந்த வேத பகுதி எனக்கே சற்றுக் கனத்தது.

"கப்பலில் இதை எப்படிப் பாதுகாத்தீர்கள்?" என்று கேட்டேன். அந்தக் கேள்விதான் கதவைத் திறந்தது.

நிலக்கரித் தூசி புகாத இடம் அக்கப்பல்களில் இல்லையாம். பழைய வேட்டியில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி வைப்பாராம். ஹால்தியா, பாராதீப், விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களில் நிலக்கரி ஏற்றுவார்கள். சென்னையிலும் தூத்துக்குடியிலும் இறக்குவார்கள். பின்பு வெறும் கப்பலாக மீண்டும் வடக்கே. நிலக்கரி சும்மா கிடக்கும் சரக்கு அன்று. தானே சூடேறும், உள்ளிருந்து எரியும் வாயு கசியும். ஆகவே சரக்கறையின் வெப்பத்தை அளந்துகொண்டே, காற்றுப் போக்கைக் கவனித்துக்கொண்டே பயணம் செய்ய வேண்டும். என்ஜின் அறையிலோ இரைச்சல் ஓயாது. அருகில் நிற்பவனோடும் சைகையால்தான் பேச்சு. மனைவி இங்கே மூன்று பிள்ளைகளோடு தனியாக இருந்தார். இரண்டாவது மகள் பிறந்த செய்தி பாராதீப் துறைமுகத்தில் தந்தியாக வந்ததாம்.

சபையாரே, நெய்வேலியை நாம் அறிவோம். ஆனால் எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் பின்னர் வடசென்னையிலும் எழுந்த அனல்மின் நிலையங்களுக்கு வேண்டிய கறுப்பு நிலக்கரி, ஒடிசாவின் தால்ச்சேர் போன்ற தொலைவான சுரங்கங்களிலிருந்து வந்தது. அதைக் கடல்வழியாகக் கொண்டுவருவதற்கென்றே தமிழக அரசு 1974-ல் பூம்புகார் கப்பல் கழகத்தை நிறுவியது. குமரிமுனையில் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடும் நிறுவனமாகவே பலர் அதை அறிவார்கள். 'தமிழ் அண்ணா', 'தமிழ் பெரியார்', 'தமிழ் காமராஜ்' என்ற பெயர்களில் அதற்கு மூன்று நிலக்கரிக் கப்பல்கள் இருந்தன. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மக்களை ஏற்றிச் சென்ற 'ரஜூலா'வையும், அதன்பின் வந்த 'சிதம்பரம்' கப்பலையும் பற்றி நம் வீடுகளில் இன்றும் கதை உண்டு. நிலக்கரிக் கப்பலைப் பற்றி எந்த வீட்டில் கதை உண்டு? நம் ஆலயத்தின் கிறிஸ்துமஸ் விளக்குகள் எரிந்த இரவுகளில் இவர் நடுக்கடலில் எண்ணெயும் வியர்வையுமாக நின்றிருக்கிறார். நாமோ மின்சாரம் போனபோது மட்டும் மின்சாரத்தை நினைத்தோம்.

பின்பு தகரப் பெட்டியைத் திறந்தார். நெகட்டிவ் சுருள்கள், நான்கு நான்காக வெட்டி வெண்காகித உறைகளில் இடப்பட்டிருந்தன. பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. பல, உதகையில் அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ஃபிலிமில் எடுத்தவை. அந்தத் தொழிற்சாலையும் இப்போது இல்லை. ஒவ்வோர் உறையிலும் துறைமுகம், தேதி, ஆட்களின் பெயர். கடற்காட்சி ஏதேனும் இருக்கும் என்று எதிர்பார்த்தேன்; ஏறக்குறைய இல்லை. சமையல்காரர், சாரங்கு, வெல்டர், உறங்கிக்கொண்டிருக்கும் கலாசி என எல்லாம் மனிதர்கள். "சுருளுக்குப் பன்னிரண்டுதான், ஐயா. கடல் எப்போதும் இருக்கும், ஆள் அடுத்த பயணத்துக்கு வருவானோ மாட்டானோ" என்றார்.

அவற்றில் ஓர் உறை மட்டும் காலியாக இருந்தது. கேட்டேன். அவரோடு வேலை செய்த தூத்துக்குடிக்காரர் ஒருவர், விடுமுறையில் ஊருக்குப் போனபோது காய்ச்சல் கண்டு இளவயதிலேயே இறந்துபோனார். பல ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மகன் முகவரி விசாரித்து நம் ஊருக்கு வந்தாராம். தகப்பனுடைய முகத்தை அவர் கண்டதில்லை. வீட்டில் இருந்தது திருமணக் குழுப்படம் ஒன்றுதான், அதிலும் முகம் மங்கிவிட்டது. பெரியவர் உறைகளைப் புரட்டி, என்ஜின் அறை வாசலில் தேநீர்க் குவளையோடு நிற்கும் அந்த இளைஞனை எடுத்துக் கொடுத்தார். வந்தவர் நெகட்டிவை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் நின்றாராம். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருந்த அந்த முகத்தில், தம் சொந்த மகனின் சாயலைக் கண்டுகொண்டாராம்.

நான் மத்தேயு ஆறாம் அதிகாரத்தைத் திறக்கவில்லை. ஜெபம் செய்துவிட்டுத் திரும்பினேன்.

பழைய பொருளின்மேல் முதியவர்கள் வைக்கும் அன்பையெல்லாம் உலகப் பற்று என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிற நம் வழக்கம் தவறானது என்பதே என் எண்ணம். அதைப் பிரசங்கித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை எழுதும் கடமை எனக்கு உண்டு. யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களைத் தோளில் சுமந்து வரும்படி கட்டளை பெற்றார்கள். கில்காலில் கல்லுக்கா பஞ்சம்? பின்னாளில் பிள்ளைகள் அவற்றைக் கண்டு, இவை என்ன என்று தகப்பன்மாரைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அவை நிறுத்தப்பட்டன. அங்கே கேட்கும் பொறுப்பு பிள்ளைகளுடையது. நம் வீடுகளில் கல் இருக்கிறது, தகப்பன் இருக்கிறார், கேட்பவரைத்தான் காணோம்.

ஆயினும் நினைவுப்பொருள் விக்கிரகமாக மாறுவதும் உண்டு. மோசே உண்டாக்கிய வெண்கலச் சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபம் காட்டத் தொடங்கியபோது, எசேக்கியா அரசன் அதை உடைத்துப் போட்டான். அவன் செய்தது சரியே. அப்படியானால் வேறுபாட்டை எப்படி அறிவது? பொருளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரியவர் கேமராவின் விலையையோ அருமையையோ சொல்லவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மனிதனின் பெயரைச் சொன்னார். மகனிடமும் இதைத்தான் சொன்னேன்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. திருச்சபையாகிய நாம் பயணிகளை நினைக்கிறோம், கப்பலை ஓட்டியவர்களை நினைப்பதில்லை. 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடிக் கரையை அடைந்ததை நாம் ஆண்டுதோறும் நன்றியோடு கொண்டாடுகிறோம். டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது குடும்பக் கதை போன்றது. 'இளவரசி சோபியா ஹெட்விக்' என்ற கப்பல் அவர்களைச் சுமந்துவந்தது. ஏழு மாதங்களாகப் பாய்மரம் ஏறி இறங்கிய மாலுமி ஒருவனுடைய பெயரையேனும் நாம் சொல்லிக் கேட்டதுண்டா? வேதாகமக் கல்லூரியில் திருச்சபை வரலாறு படித்த காலத்தில் எனக்கும் அப்படி ஒரு கேள்வி எழவில்லை.

லூக்கா நம்மைப்போல் அல்லர். அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வாசித்துப் பாருங்கள். அது தானியம் ஏற்றிய கப்பல். அதில் இருந்தவர்கள் 276 பேர் என்று எண்ணி எழுதுகிறார். கப்பலைச் சுற்றிக் கயிறு கட்டியதையும், ஆழம் பார்த்தபோது முதலில் இருபது பாகமும் பின்பு பதினைந்து பாகமும் இருந்ததையும், பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரங்கள் போட்டதையும் விடவில்லை. கப்பலாட்கள் தப்பியோட முயன்றதையும் மறைக்கவில்லை. அடுத்த அதிகாரத்தில், மெலித்தா தீவிலிருந்து ஏறிய கப்பல் என்ன சின்னத்தைத் தாங்கியிருந்தது என்பதுகூட அவர் நினைவில் இருக்கிறது. வேலை செய்தவர்களின் கைகளை உற்றுப் பார்த்த ஒருவரே இப்படி எழுத முடியும். 107-ஆம் சங்கீதமும் கப்பலில் தொழில் செய்வோரை விட்டுவிடவில்லை. ஆழத்தில் தேவனுடைய அதிசயங்களைக் கண்ட சாட்சிகளாகவே அவர்களை நிறுத்துகிறது.

நம் ஊருக்குப் புகைப்படம் புதிதன்று. 1950 ஏப்ரலில் ரமணருடைய இறுதி நாட்களில், உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் தம் கேமராவோடு இங்கே இருந்தார். அவர் எடுத்த படங்களைப் பாதுகாக்கப் பெரிய நிறுவனங்கள் உண்டு. பிஸ்கட் டப்பாவில் இருக்கும் கலாசியின் படத்தைப் பாதுகாக்க ஒரு முதியவரும், இனி ஒருவேளை நாமும்தான் உண்டு.

மகனோடு மீண்டும் பேசினேன். அவர் நல்ல மகன். தகப்பன் தனியாக இருக்கிறாரே என்ற பயமே அவரைப் பேசவைத்தது. நெகட்டிவ் பெட்டிகளை அவர் பார்த்ததேயில்லை என்றார். அடுத்த விடுமுறைக்கு வந்தவர் இரண்டு நாட்கள் தகப்பனோடு உட்கார்ந்து உறைகளை வாசித்தார். தம் தங்கை பிறந்த தேதியிட்ட பாராதீப் உறையும் அதில் இருந்தது. இப்போது ஏற்பாடு இதுதான்: நான்கு கேமராக்களை விற்கப் பெரியவரே சம்மதித்துவிட்டார், மூன்றும் தகரப் பெட்டிகளும் அவரோடு பெங்களூர் போகும். பயணம் ஜூலையில்.

அதற்கு முன், ஜூன் 25 உலகக் கடலோடிகள் தினமாக அனுசரிக்கப்படுவதால், அதையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை நம் ஆராதனையில் கப்பல் தொழிலாளருக்காகவும் அவர்கள் குடும்பங்களுக்காகவும் விசேஷ ஜெபம் ஏறெடுப்போம். ஆராதனைக்குப் பின் பெரியவர் சபை மண்டபத்தில் தம் யாஷிகாவோடு அமர்ந்திருப்பார். ஓய்வுபெற்ற மற்றவர்களும் தங்கள் வேலைக்காலத்தின் ஏதேனும் ஒரு பொருளோடு வரலாம். நெசவுத் தறியின் நாடாவானாலும், ரயில்வே விசிலானாலும், சத்துணவுக் கூடத்துக் கரண்டியானாலும் சரி. பிள்ளைகள் கேள்விகளோடு வரட்டும். லென்சை மட்டும் விரலால் தொட வேண்டாம் என்று ஐயா இப்போதே சொல்லி அனுப்பியிருக்கிறார்.