சிவப்புக் கோடும் திட்டக் கோப்பும்

கடந்த ஆண்டு இரண்டாம் பருவத்தின் எட்டாவது வாரம். நூலகத்தின் இரவுப் படிப்பறையில் முதலாமாண்டுத் தங்கை ஒருவர் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கலங்கிய கண்களோடு உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன். "எல்லாமே சிவப்பா இருக்குண்ணா. நான் எழுதினது ஒரு வரிகூடச் சரியில்ல போல. கோர்ஸ் மாத்திக்கலாமான்னு யோசிக்கிறேன்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். விரிவுரையாளர் கொடுத்த மாதிரித் திட்டத்தின் மேல் எழுதப்பட்ட சி++ நிரல். திரை முழுவதும் சிவப்பு அலைக்கோடுகள். எதற்கும் பார்ப்போம் என்று கட்டளைச் சாளரத்தைத் திறந்து கம்பைல் செய்தேன். ஒரு பிழைகூட இல்லை. நிரல் ஓடியது, விடையும் சரியாக வந்தது. சிவப்பு மறைந்த பிறகுதான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எண்ணி, அந்தத் தங்கை மூன்று நாள்களாக அதை ஓட்டிப் பார்க்கவே இல்லை!

சரியான நிரலைத் தவறு என்று ஒரு கருவி மூன்று நாள்கள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்று, குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த ஒரு பெண், கருவியை நம்பித் தன்னைச் சந்தேகித்திருக்கிறார். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான். தமிழ்மொழிக் கழக ஆண்டிதழில் இதற்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, தமிழ் பிறகு வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் நிரல் எழுதும் எடிட்டருக்கு நிரல்மொழி எதுவும் தெரியாது. அதற்குப் பின்னால் தனியாக ஓடும் இன்னொரு மென்பொருள்தான் நிரலைப் படித்துப் புரிந்துகொண்டு, பிழை இங்கே, இந்தச் சொல்லின் வரையறை அங்கே என்று எடிட்டருக்குச் சொல்கிறது. 'லாங்குவேஜ் சர்வர்' எனப்படும் இதை மொழி வழங்கி என்று அழைப்போம். இரண்டும் பேசிக்கொள்வதற்கான பொது நெறிமுறையை மைக்ரோசாப்ட், ரெட் ஹேட், கோடென்வி ஆகிய நிறுவனங்கள் 2016 ஜூன் மாதம் அறிவித்தன. அதற்கு முன் பத்து எடிட்டர்களும் இருபது மொழிகளும் இருந்தால் இருநூறு இணைப்பான்கள் எழுத வேண்டியிருந்தது. இப்போது முப்பது போதும். அருமையான ஏற்பாடு, மறுப்பதற்கில்லை.

ஆனால் மொழி வழங்கி ஒரு கோப்பை மட்டும் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது. அந்தக் கோப்பு எந்தத் திட்டத்தைச் சேர்ந்தது, துணைக் கோப்புகள் எந்த அடைவில் உள்ளன, மொழியின் எந்தப் பதிப்பு என்பவை அதற்குத் தெரிய வேண்டும். இவற்றைச் சொல்வதுதான் திட்டக் கோப்பு. ரஸ்டுக்குக் 'கார்கோ.டாமல்', டைப்ஸ்கிரிப்ட்டுக்கு 'டிஎஸ்கான்ஃபிக்.ஜேசன்' என்று மொழிக்கு ஒன்று இருக்கிறது. எஃப் ஷார்ப் மொழியில் திட்டக் கோப்பில் கோப்புகளின் வரிசை மாறினாலே நிரல் பிழையாகிவிடும். முன்னால் உள்ளதைத்தான் பின்னால் உள்ளது பயன்படுத்த முடியும்.

சி++ மொழியின் நிலைமை இன்னும் சிக்கலானது. அதற்கென்று ஒரே திட்டக் கோப்பு வடிவம் இல்லை. 'கிளாங்டி' என்னும் மொழி வழங்கி 'கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசன்' என்ற கோப்பைத் தேடுகிறது. நாம் திறந்திருக்கும் கோப்பின் மேலடைவுகளிலும், அவற்றில் 'பில்ட்' என்ற பெயரில் உள்ள அடைவிலும் பார்க்கிறது. கிடைத்தால் எல்லாம் சுகம். கிடைக்காவிட்டால் உத்தேசமாக ஒரு கட்டளையை வைத்துக்கொண்டு நிரலைப் படிக்கத் தொடங்குகிறது. ஒற்றைக் கோப்பு நிரலுக்கு இந்த உத்தேசம் போதும். தனி அடைவில் தலைப்புக் கோப்புகள் உள்ள திட்டத்திற்குப் போதாது. முதல் வரியில் சேர்க்கச் சொன்ன கோப்பு கிடைக்காது. அதில் அறிவிக்கப்பட்ட பெயர்கள் எல்லாம் அந்நியமாகிவிடும். அவற்றைப் பயன்படுத்திய ஒவ்வொரு வரியும் சிவக்கும்.

அந்தத் தங்கைக்கு நேர்ந்தது இதுவே. சிமேக் என்ற கருவியிடம் கேட்டால் மேற்சொன்ன கோப்பை அதுவே எழுதித் தரும். விரிவுரையாளரின் மாதிரியிலும் அப்படிக் கேட்டுத்தான் இருந்தது. ஆனால் மேக்ஃபைல் அல்லது நிஞ்சா வகையில் கட்டினால்தான் சிமேக் அதை எழுதும். விண்டோஸ் கணினியில் விஷுவல் ஸ்டூடியோ வகையில் கட்டினால் அந்த வேண்டுகோளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். மாதிரியைத் தயாரித்தவரின் கணினி லினக்ஸ் என்று நினைக்கிறேன். தங்கையின் கணினி விண்டோஸ். நிஞ்சாவை நிறுவி மறுபடியும் கட்டினோம். பத்து நிமிட வேலை. எடிட்டரை மூடித் திறந்தபோது சிவப்பு முழுவதும் மறைந்துவிட்டது. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டார். நியாயமான கோபம்!

என் முதல் கருத்து இதுதான். மொழி வழங்கியை உருவாக்குபவர்கள் வேகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், திட்டக் கோப்பைக் கையாளும் முறையைச் சீர்செய்ய வேண்டும். உத்தேசமாக வேலை செய்வது தவறில்லை. அதை மறைப்பதுதான் தவறு. திட்டக் கோப்பு கிடைக்கவில்லை என்பதைக் கிளாங்டி எங்குமே சொல்லாமல் இல்லை, தன் பதிவுச் சாளரத்தில் எழுதத்தான் செய்கிறது. முதலாமாண்டு மாணவர் யார் அந்தச் சாளரத்தைத் திறக்கிறார்? "உங்கள் திட்டத்தின் அமைப்பு எனக்குத் தெரியவில்லை, நான் காட்டும் பிழைகளை நம்ப வேண்டாம்" என்று திரையின் மேல் ஒரு மஞ்சள் பட்டை போதுமே. பைத்தான் மொழிக்கான 'பைரைட்' இதில் ஒரு படி மேல். கோப்புகளைத் தேடிச் சேகரிக்கப் பத்து விநாடிக்கு மேலானால், நீங்கள் உங்கள் தலைமை அடைவையே திறந்திருக்கலாம், அதனால் தாமதம் ஆகிறது என்ற பொருளில் காரணத்தோடு செய்தி எழுதுகிறது. தனக்கு ஏன் முடியவில்லை என்று சொல்லத் தெரிந்த கருவி!

பைரைட் சொல்வது நம் பக்கத்துத் தவற்றையும் காட்டுகிறது. நம்மில் பலர் 'பருவம் 3' என்று ஓர் அடைவை உண்டாக்கி, எல்லாப் பாடங்களின் எல்லா ஒப்படைப்புகளையும் அதற்குள் கொட்டி, அந்த அடைவை அப்படியே எடிட்டரில் திறக்கிறோம். உள்ளே நான்கு திட்டங்கள், பதிவிறக்கிய நூலகங்கள், நண்பரிடம் வாங்கிய பழைய நிரல்கள். மொழி வழங்கி அனைத்தையும் படிக்க முயல்கிறது. விசிறி ஊளையிடுகிறது. பிறகு, "இந்த எடிட்டர் ரொம்ப ஸ்லோ" என்று குறைப்படுகிறோம்.

வேகத்துக்கு வருவோம். ஒரு செயலுக்கும் அதன் விளைவுக்கும் இடையே ஏறக்குறைய 0.1 விநாடி வரை இருந்தால்தான் அது உடனே நடந்ததாக மனிதருக்குத் தோன்றும் என்று ஜேக்கப் நீல்சன் 1993-இல் எழுதினார். நாம் ஓர் எழுத்தைத் தட்டும்போதெல்லாம் எடிட்டர் அந்த மாற்றத்தை மொழி வழங்கிக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு முறையும் நிரலை முதல் வரியிலிருந்து படித்தால் எந்தக் கணினியும் தாங்காது. ஆகவே வேகம் என்பது பெரும்பாலும் செய்யாமல் விடத் தெரிவதுதான். கிளாங்டி ஒரு கோப்பின் தலைப்பில் சேர்க்கப்பட்ட துணைக் கோப்புகளை ஒருமுறை படித்து வைத்துக்கொண்டு, அந்தப் பகுதி மாறாத வரை மீண்டும் தொடுவதில்லை. எடிட்டர் கேட்ட கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கும்போதே பயனர் அடுத்த எழுத்தைத் தட்டிவிட்டால், பழைய கேள்வியை ரத்து செய்ய நெறிமுறையில் வழியுண்டு. கோ மொழியின் 'கோபிளஸ்' முன்பு திட்டத்தின் விவரங்கள் அனைத்தையும் நினைவகத்திலேயே சுமந்தது. 2023-இல் வந்த 0.12 பதிப்பில் பெரும்பகுதியை வட்டில் எழுதி வைக்கும் முறைக்கு மாறியது. நினைவகச் செலவும் குறைந்தது, திறக்கும் நேரமும் குறைந்தது. எட்டு ஜிபி நினைவகத்தில் இணைய உலாவி, இணைய வகுப்பு, எடிட்டர் மூன்றையும் ஓட்டும் மாணவருக்கு இந்த மாற்றத்தின் அருமை புரியும்.

திட்டக் கோப்பும் வேகமும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. குழுவாகச் செய்யும் திட்டத்தில் கிட் கருவியைக் கொண்டு ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு மாறினால், ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான கோப்புகள் மாறலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் திட்டத்தை முழுமையாக ஏற்றும் வழங்கி அப்படியே உறைந்துபோகும். சற்றுக் காத்திருந்து, எல்லா மாற்றங்களையும் சேர்த்து ஒரே முறை பார்த்து, திட்டக் கோப்பு உண்மையிலேயே மாறியிருந்தால் மட்டும் மறுபடி ஏற்றுவதே முறை. சொல்வதற்கு எளிது. நான் பயன்படுத்திய வழங்கிகளில் இதைச் செய்யாதவையும் இருந்தன.

"மொழி வழங்கியையே வேகமான மொழியில் திருப்பி எழுதினால் எல்லாம் தீர்ந்துவிடுமே" என்று என் அறைத்தோழர் வாதிடுவார். அவருக்குச் சாதகமாக நல்ல சான்றும் உண்டு. டைப்ஸ்கிரிப்ட்டைக் கோ மொழிக்கு மாற்றும் பணியை 2025 மார்ச்சில் ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க் அறிவித்தபோது, பதினைந்து இலட்சம் வரிகள் கொண்ட விஎஸ் கோடின் நிரலை எடிட்டரில் ஏற்ற ஏறக்குறைய 9.6 விநாடி பிடித்தது, புதியதில் 1.2 விநாடியே போதும் என்று கணக்குக் காட்டினார். பெரிய சாதனைதான். ஆனால் அந்தத் தங்கையின் கணினியில் எட்டு மடங்கு வேகமான வழங்கி இருந்திருந்தால், தவறான சிவப்புக் கோடுகள் எட்டு மடங்கு வேகமாக வந்திருக்கும், அவ்வளவே. நானும் அறைத்தோழரும் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இப்போது தமிழ். மொழி வழங்கி ஒரு பிழையின் இடத்தை வரி எண், அந்த வரியில் எத்தனையாவது இடம் என்று குறிக்கிறது. அந்த 'இடத்தை' எப்படி எண்ணுவது? நெறிமுறை யூடிஎஃப்-16 அலகுகளில் எண்ணச் சொல்கிறது. 'வணக்கம்' என்ற சொல் நம் கணக்கில் ஐந்து எழுத்து. யூனிகோடில் மெய்யின் புள்ளி தனிக் குறியீடு என்பதால் யூடிஎஃப்-16-இல் ஏழு அலகு. கோப்பில் யூடிஎஃப்-8-ஆகச் சேமிக்கும்போது ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வீதம் இருபத்தொன்று. ஒரு வழங்கி பைட்டை எண்ணி எடிட்டருக்கு அனுப்பினால், அதே வரியில் 'வணக்கம்' என்ற சரத்துக்குப் பின்னால் வரும் பிழையின் சிவப்புக் கோடு பதினான்கு இடம் தள்ளி விழும். ஆங்கிலம் மட்டும் எழுதிச் சோதித்தவருக்கு மூன்று கணக்கும் ஒன்றாகவே வரும். குறை கண்ணில் படாது. 2022-இல் வந்த 3.17 பதிப்பில்தான் எந்த அலகில் எண்ணுவது என்று எடிட்டரும் வழங்கியும் பேசி முடிவு செய்யும் வசதி வந்தது.

யூனிகோடுக்கு முன் ஆளுக்கொரு தமிழ்க் குறியாக்கம் வைத்துக்கொண்டு நாம் பட்ட பாடு மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1997-இல் சிங்கப்பூரிலும் 2001-இல் கோலாலம்பூரிலும் கூடிய தமிழ் இணைய மாநாடுகளும், நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலும் அந்தக் காலத்தின் அடையாளங்கள். தமிழை எழுதிச் சோதித்துக் குறைகளைச் சொல்ல அன்று ஆள் இருந்தார்கள். இன்று நிரலில் தமிழ்ச் சரத்தை எழுதிப் பார்த்து, கோடு எங்கே விழுகிறது என்று கவனித்து, தவறாக விழுந்தால் அந்த மென்பொருளை உருவாக்குபவர்களுக்குத் தெரிவிக்கும் வேலையைக் கணினித் துறையில் பயிலும் தமிழ் மாணவர்கள் செய்யலாம். பெரும்பாலான மொழி வழங்கிகள் திறந்த மூலத்தவை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. மாதிரித் திட்டம் கொடுக்கும்போது அதை விண்டோஸ் கணினியிலும் ஒருமுறை திறந்து பாருங்கள். முதல் வகுப்பில் மாறிகளையும் மடக்கங்களையும் சொல்வதற்கு முன், திட்டக் கோப்பு என்பது என்ன, அது இல்லாவிட்டால் எடிட்டர் என்னென்ன உளறும் என்பதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எங்களுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை; மூன்றாம் ஆண்டில் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்துகொண்டோம்.

கழகத்தின் அடுத்த கணினிப் பட்டறையில் முதல் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே கேட்டிருக்கிறேன். வருபவர்கள் நிரல் எதுவும் எழுதப் போவதில்லை. தங்கள் பழைய ஒப்படைப்பு ஒன்றைத் திறந்து, அதன் திட்டக் கோப்பைக் கண்டுபிடித்து, வேண்டுமென்றே அதன் பெயரை மாற்றிவிட்டுத் திரை சிவப்பதைப் பார்க்கப் போகிறார்கள். அந்தத் தங்கையும் உதவிக்கு வருகிறார். இப்போது இரண்டாமாண்டு, அதே துறையில்தான். மடிக்கணினியோடு சார்ஜரையும் கொண்டு வாருங்கள். அந்த அறையில் மின்செருகி நான்குதான் உள்ளன.